குறிகைச் செயலியின் உறுப்பமைப்பு: பெருக்கிக் கூட்டல் என்னும் வினையும் அதன் விளைவுகளும்

1. ஆராய்ச்சிப் பொருள்

நுண்செயலி எனத் தமிழில் வழங்கும் 'மைக்ரோபிராசசர்' பலவகைப்படும். அவற்றுள், பேச்சு, இசை, வானொலி அலை, நெஞ்சத் துடிப்பு முதலியவற்றை எண்களாக்கி அவ்வெண்களின்மேல் கணக்கிடுதற்கென்றே அமைந்த ஒருவகை உண்டு. அதனை எண்முறைக் குறிகைச் செயலி என்பர். பொது நுண்செயலியிடத்துக் காணப்படாத சில உறுப்புகளை அச்செயலி ஏன் பெற்றது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளாகும். விரைவு வேண்டியே அவ்வுறுப்புகள் அமைந்தன எனப் பொதுவாகக் கூறுவர். விரைவு ஒரு காரணமே. குறித்த காலத்துள் வினை முடிந்தே தீரும் என்னும் உறுதியே அவ்வமைப்பின் உயிர்நிலை என்பது நம் கருத்து. 1982-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் அறிவித்த டி.எம்.எஸ்.32010 என்னும் செயலியை முதன்மைச் சான்றாகவும், 1980-களின் பிற்பகுதியில் மோட்டரோலா நிறுவனம் வெளியிட்ட 56000 வரிசைச் செயலியைத் துணைச் சான்றாகவும் கொண்டு இக்கருத்தை நிறுவ முயல்வோம்.

மொழியாராய்ச்சியாளர்க்கு இப்பொருள் புறம்பானதன்று. கைப்பேசியில் நாம் கேட்கும் குரலும், ஒலியியல் ஆய்வறையில் திரைமேல் காணும் அலைவரைவும் இத்தகைய கணக்கினூடே வந்தனவாம். கருவி எண்களை எவ்வாறு கையாள்கின்றது என்பதை அறியாதார், கருவியால் நேர்ந்த மாற்றத்தை மொழியின் இயல்பெனப் பிறழவுணர்தல் கூடும்.

கலைச்சொற்களை முதற்கண் வரையறுத்துக் கொள்வோம். 'சிக்னல்' என்பதற்குச் சைகை, குறிகை, சமிக்ஞை என மூன்று சொற்கள் வழங்குகின்றன. சைகை என்பது கையசைவை உணர்த்தி மயக்கம் தருமாதலின், குறிகை என்பதனையே ஈண்டு ஆள்கின்றோம். குறிகையைச் சம இடைவெளியில் அளந்து பெறும் ஒவ்வோர் எண்ணும் 'கூறு' எனப்படும். எண்ணைச் சிறிது பொழுது தாங்கும் இடம் 'பதிவகம்'. பெருக்கற் பயன்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து வைக்கும் பதிவகம் 'திரட்டி'. கட்டளைகளின் கோவை 'நிரல்'. எண்கள் செல்லும் கம்பித் தொகுதி 'பாட்டை'. 0, 1 என்னும் இரண்டனுள் ஒன்றைத் தாங்குவது 'பிட்'. அஃது எங்கும் வழக்கூன்றிய சொல்லாதலின் அவ்வாறே கொண்டோம்.

2. அலை எண்ணாதல்

காற்றில் எழும் ஒலி இடையறாது மாறுவது. ஒலிவாங்கி அதனை மின்னழுத்த மாற்றமாக ஆக்கித் தருகின்றது. அவ்வழுத்தத்தைச் சம இடைவெளியில் அளந்து குறித்துக்கொள்ளின், அலை எண்வரிசையாக மாறிவிடுகின்றது. நொடிக்கு எத்தனை முறை அளத்தல் வேண்டும்? அலையிலுள்ள மிகவுயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்கினும் மிகுதியாக அளப்பின், அவ்வெண்களினின்று பழைய அலையை மீட்டுப் பெறலாம். 1949-இல் கிளாடு ஷானன் வெளியிட்ட கட்டுரையால் இத்தேற்றம் பரவலாக அறியப்பட்டது. மரபுத் தொலைபேசி கடத்துவன ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்சு வரையுள்ள அதிர்வுகளே. ஆதலின் அதற்கு நொடிக்கு 8,000 கூறுகள் போதுமெனக் கொண்டனர். குறுந்தகட்டு இசைக்கு நொடிக்கு 44,100 கூறுகள் எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு கூறும் 16 பிட் அளவினது.

நொடிக்கு 8,000 கூறுகள் எடுத்த பதிவில் 4,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட அதிர்வு இருத்தற்கு இடமில்லை. 'ஸ' போன்ற உரசொலியின் ஆற்றலில் பெரும்பகுதி அவ்வெல்லைக்கு மேலே அமைவதாகும். ஆதலின் தொலைபேசிப் பதிவைக் கொண்டு உரசொலிகளின் வேறுபாட்டை ஆராய்வார் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும். மற்றொன்றும் உண்டு. எல்லைக்கு மேற்பட்ட அதிர்வுகளை முன்னரே வடித்து நீக்காமல் அளப்பின், அவை மறைந்தொழிவதில்லை. கீழுள்ள அதிர்வுகள் போல வேடங்கொண்டு தோன்றும். நொடிக்கு 8,000 முறை அளக்குங்கால் 5,000 ஹெர்ட்சு அதிர்வு 3,000 ஹெர்ட்சு அதிர்வாகவே பதிவாகும்.

8,000 என்னும் எண்ணினின்று நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாத மற்றோர் எண் பெறப்படுகின்றது. நொடியைப் பத்து இலட்சம் பங்கிட்டு, ஒரு பங்கை மைக்ரோநொடி என்பர். அடுத்தடுத்த இரண்டு கூறுகட்கு இடைப்பட்ட காலம் 125 மைக்ரோநொடி ஆகும். ஒரு கூறின்மேல் செய்யவேண்டிய கணக்கு அனைத்தும் அக்காலத்துள் முடிதல் வேண்டும். ஏனெனில் அடுத்த கூறு காத்து நில்லாது. குறிகைச் செயலியின் அமைப்புக்கு இந்தக் காலவெல்லையே தோற்றுவாய் என்க.

3. அடிப்படை வினை

குறிகைமேல் செய்யப்படும் கணக்குகளுள் எளியது வடித்தல். வேண்டிய அதிர்வுகளை விடுத்து வேண்டாதனவற்றை அடக்குவது அதன் பயன். அது நிகழுமாற்றைச் சிற்றெடுத்துக்காட்டால் காண்போம். அண்மையில் வந்த மூன்று கூறுகளை எடுத்து, முதலதைக் காலாலும், நடுவணதை அரையாலும், இறுதியதைக் காலாலும் பெருக்கிக் கூட்டுவதாகக் கொள்வோம். வரும் கூறுகள் 8, 12, 4, 16 எனின், முதல் மூன்றும் 2, 6, 1 ஆகிக் கூட்டுத்தொகை 9 ஆகின்றது. அடுத்த கூறு வந்ததும் 12, 4, 16 என்பன 3, 2, 4 ஆகி மீண்டும் 9 ஆகின்றன. உள்ளே வந்த எண்கள் ஏறியும் இறங்கியும் துள்ளின, வெளிவந்தவை அமைதியுற்றன. விரைந்த அதிர்வுகள் அடங்கின என்பது இதன் பொருள். காலும் அரையும் ஈண்டுக் 'கெழுக்கள்' எனப்படும். கெழுக்களை மாற்றின், அதே கணக்கு மெல்லிய அதிர்வை அடக்கி விரைந்ததை விடுக்கவும், இடைப்பட்ட ஒரு பகுதியை மட்டும் விடுக்கவும் கூடும். மூன்று கெழுக்கள் எடுத்துக்காட்டுக்கே போதும். நடைமுறை வடிப்பிகட்கு ஐம்பது, நூறு என வேண்டப்படும்.

இதன்கண் நிகழும் வினை ஒன்றே. இரண்டு எண்களைப் பெருக்குக; பயனை முன்னைத் தொகையொடு கூட்டுக; அடுத்த இணைக்குச் செல்க. இதனைப் 'பெருக்கிக் கூட்டல்' என்போம். பேச்சின் ஒரு கூற்றை அதற்கு முன் வந்த சில கூறுகளினின்று முன்கணிக்கும் முறைக்கும், இரண்டு குறிகைகளின் ஒப்புமையை அளக்கும் முறைக்கும், அலையை அதிர்வெண்களாகப் பகுக்கும் முறைக்கும் இதுவே அடிப்படை. பயன்கள் பலவாயினும் அவற்றின் கீழ் நிற்கும் வினை ஒன்றாயிருத்தலே, அதற்கென ஒரு தனிச் செயலியை ஆக்குதற்கு இடந்தந்தது.

4. மூன்று வழிகள்

1970-களின் இறுதியில் அமைப்பாளர் முன் மூன்று வழிகள் இருந்தன. பொது நுண்செயலியைக் கொண்டு இக்கணக்கைச் செய்வது முதல் வழி. 1978-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8086 செயலியை எடுத்துக்கொள்வோம். குறியுடைய 16 பிட் எண்கள் இரண்டைப் பெருக்க அதற்கு 128 முதல் 154 வரை கடிகைத் துடிப்புகள் வேண்டும். நொடிக்கு 50 இலட்சம் துடிப்பில் அஃது இயங்குங்கால், ஒரு பெருக்கலுக்கு ஏறத்தாழ 26 முதல் 31 மைக்ரோநொடி வரை செல்லும். 125 மைக்ரோநொடிக்குள் நான்கு பெருக்கல்களே முடியும். கூட்டற்கும் எண்களை எடுத்தற்கும் காலமே எஞ்சாது. ஐம்பது கெழுக்களை உடைய வடிப்பி ஒன்றை அதனால் இயக்குதல் எங்ஙனம்?

கணக்கினை மாற்றவொண்ணாத மின்சுற்றாகவே செதுக்கிவிடுவது இரண்டாம் வழி. 1978-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த 'ஸ்பீக் அண்டு ஸ்பெல்' என்னும் குழந்தைகளின் எழுத்துப் பயிற்சிக் கருவி இவ்வழியைச் சார்ந்தது. அதன் உள்ளிருந்த ஒற்றைச் சில்லு, முன்கணிப்பு முறையால் மனிதக் குரலை ஆக்கிப் பேசியது. விரைவு அதன்கண் இருந்தது. ஆனால் அக்கணக்கன்றி வேறொன்றை அதற்குக் கற்பித்தல் இயலாது. முறை திருந்தினால் சில்லையே புதிதாக ஆக்குதல் வேண்டும்.

மூன்றாவது இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. நிரலை மாற்றிக்கொள்ளும் உரிமையைப் பொது நுண்செயலியினின்றும், ஒரு வினைக்கென்றே அமைந்த விரைவைத் தனிச் சுற்றினின்றும் பெறுவது இவ்வழி. இன்டெல் 1979-இல் அறிவித்த 2920, பெல் ஆய்வகமும் நிப்பான் எலக்ட்ரிக் நிறுவனமும் 1980-இல் தனித்தனியே அறிவித்த செயலிகள் ஆகியன இவ்வழியில் முன் நடந்தன. 2920 சில்லில் பெருக்குதற்கெனத் தனியுறுப்பு இல்லை. நகர்த்தியும் கூட்டியுமே பெருக்கல் செய்யப்பட்டது. ஆயினும் அதன் நிரலமைப்பு நம் கருத்துக்குச் சிறந்த சான்றாதலைப் பின்னர்க் காண்போம். 1982-இல் சுரேந்தர் மகரும் அவருடன் பணியாற்றியோரும் ஆய்வரங்கில் எடுத்துரைத்த டி.எம்.எஸ்.32010, விற்பனையிலும் பயன்பாட்டிலும் பெரிதும் பரவிய செயலி வரிசையின் முதலாவதாகும். இனி அதன் உறுப்புகளை முறையே ஆராய்வோம்.

5. நினைவகம் இரண்டாதல்

பெருக்கிக் கூட்டல் ஒன்றுக்கு நினைவகத்தினின்று எத்தனை பொருள்கள் வரல் வேண்டும்? செய்யவேண்டுவதைக் கூறும் கட்டளை ஒன்று, கூறு ஒன்று, கெழு ஒன்று என மூன்று. 1945-இல் ஜான் வான் நாய்மன் வரைந்த அறிக்கையால் பரவிய அமைப்பில், கட்டளைகளும் எண்களும் ஒரே நினைவகத்தில் உறையும். ஒரே பாட்டை வழியாகவே ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெருக்கும் உறுப்பு எத்துணை விரைவுடையதாயினும், அப்பாட்டையின் வாயிலில் அது காத்துநிற்றல் வேண்டும். ஒருவழிப் பாலத்தின் இருமருங்கும் வண்டிகள் தேங்குதல் போன்றது இது.

ஆதலின் டி.எம்.எஸ்.32010-இன் அமைப்பாளர் கட்டளைக்கு ஒரு நினைவகமும் எண்ணுக்கு ஒரு நினைவகமும் ஆக இரண்டை வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பாட்டை அமைத்தனர். இதற்கு ஹார்வர்டு அமைப்பு என்று பெயர். 1944-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நிறுவப்பெற்ற மார்க் 1 என்னும் கணிப்பொறி, கட்டளைகளைத் துளையிட்ட தாள்நாடாவினின்றும் எண்களைத் தன் எண்ணிகளினின்றும் பெற்றது, அதுவே பெயர்க்காரணம். இவ்வமைப்பில், ஒரு கட்டளை எண்களின்மேல் வினைசெய்யும் போதே அடுத்த கட்டளை வந்து சேர்ந்துவிடும்.

பழைய முறை நாற்பதாண்டு கழித்து மீண்டும் தோன்றியதற்குக் காரணம், நினைவகமும் செயலியும் ஒரே சில்லின்மேல் அமையும் காலம் வந்தமையே. இச்செயலி நாற்பது கால்களை உடைய உறையில் அடங்கியது. வெளியிலுள்ள கட்டளை நினைவகத்தை அடைய முகவரிக்கு 12 கால்களும் எண்ணுக்கு 16 கால்களும் ஆக 28 கால்கள் செலவாயின. இரண்டு பாட்டைகளையும் வெளியே விடுத்திருப்பின் நாற்பது கால்கள் போதா. ஆதலின் எண் நினைவகம் முழுவதும் சில்லின் உள்ளேயே வைக்கப்பட்டது. அதன் அளவு 144 சொற்களே. சொல் என்பது ஈண்டு 16 பிட் எண் ஒன்றைக் குறிக்கும். மேலும், கட்டளை நினைவகத்திலுள்ள கெழுக்களை எண் நினைவகத்திற்குக் கொணரத் தனிக் கட்டளை ஒன்றும் அமைத்தனர். இரண்டு நினைவகங்கட்கும் இடையே இவ்வாறு ஒரு வாயில் திறந்தமையால், இதனைத் திருத்திய ஹார்வர்டு அமைப்பு என்பர்.

6. பெருக்கி

நாம் தாளில் பெருக்குங்கால், பெருக்கும் எண்ணின் ஒவ்வோர் இலக்கத்திற்கும் ஒரு வரி எழுதி, வரிகளை இடம்விட்டு அடுக்கிக் கூட்டுகின்றோம். 8086 போன்ற செயலிகள் இதனைப் படிப்படியாகவே செய்தன. 16 பிட் எண்ணுக்குப் பதினாறு முறை நகர்த்தலும் கூட்டலும் நிகழும். அவ்வரிகள் அனைத்தையும் ஒருங்கே ஆக்கி ஒருங்கே கூட்டும் சுற்றினை அமைத்தல் கூடும். பதினாறு வரிகளில் வரிக்குப் பதினாறாக 256 சிறு பெருக்கற் பயன்கள் ஒரே காலத்தில் எழும்; கூட்டிகளின் அணி அவற்றை ஒன்றாக்கும். இவ்வணியைச் சுருக்கும் முறைகள் சில முன்னரே அறியப்பட்டிருந்தன. 1951-இல் ஆண்ட்ரூ பூத் வெளியிட்ட முறையின் திருத்தம் வரிகளைப் பாதியாகக் குறைக்கும். 1964-இல் கிறிஸ்டபர் வாலஸ் காட்டிய முறை, வரிகளை மூன்று மூன்றாகத் தொகுத்து மரக்கிளை போல ஒடுக்கும்.

அறிவு முன்னரே இருந்தது. சில்லின்மேல் இடமே இல்லாதிருந்தது. இத்தகைய பெருக்கி, சில்லின் பரப்பில் பெரும்பங்கைக் கொள்ளும். எழுத்துகளைக் கையாளும் பொதுச் செயலியில் பெருக்கல் அருகியே நிகழுமாதலின், அதற்கு அத்துணை இடம் ஒதுக்குதல் வீண். குறிகைச் செயலியிலோ ஏறத்தாழ இரண்டு கட்டளைக்கு ஒன்று பெருக்கல். ஆதலின் டி.எம்.எஸ்.32010, 16 பிட் எண்கள் இரண்டைப் பெருக்கி 32 பிட் பயன் தரும் பெருக்கியைப் பெற்றது. அதற்குச் செல்லும் காலம் ஒரு கட்டளைச் சுற்று. அதாவது மைக்ரோநொடியில் ஐந்தில் ஒரு பங்கு. முன்னர்க் கூறிய 8086-ஐ நோக்க இது நூறு மடங்கிற்கும் மிகுந்த விரைவாகும்.

கட்டளைகளும் இவ்வுறுப்புக்கு இயைய அமைந்தன. அவற்றுள் எல்.டி.டி. எனச் சுருக்கப் பெயர் பெற்ற கட்டளை ஒன்று மூன்று வினைகளை ஒருங்கே செய்கின்றது. முன்னைப் பெருக்கற் பயனைத் திரட்டியில் கூட்டுகின்றது. அடுத்த கூற்றைப் பெருக்கியின் பதிவகத்திற்குக் கொணர்கின்றது. அக்கூற்றை நினைவகத்தின் அடுத்த இடத்திற்கும் பெயர்த்து வைக்கின்றது. இறுதி வினையின் பயன் யாதெனின், புதுக்கூறு வரும்போது பழங்கூறுகள் ஓரிடம் தள்ளி நிற்றல் வேண்டுமன்றோ? அத்தள்ளல் தனிக் காலம் கொள்ளாமல் நிகழ்ந்துவிடுகின்றது. இதனை அடுத்துப் பெருக்கற் கட்டளை வரும். ஆகக் கெழு ஒன்றுக்கு இரண்டு கட்டளைகள். ஐம்பது கெழு வடிப்பிக்கு நூறு கட்டளைகள். காலம் ஏறத்தாழ 20 மைக்ரோநொடி. 125 மைக்ரோநொடியில் எஞ்சிய நூறும் பிற வினைகட்கு ஆகும்.

7. திரட்டியும் நிரம்பி வழிதலும்

விரைவைப் போன்றே எண்ணின் எல்லையும் ஆராயத்தக்கது. இச்செயலி எண்களை −1-க்கும் 1-க்கும் இடைப்பட்ட பின்னங்களாகக் கொண்டு வினைசெய்ய ஏற்றது. இரண்டு பின்னங்களைப் பெருக்கின் பயனும் அவ்வெல்லைக்குள்ளேயே அமையும். −1-ஐ −1-ஆல் பெருக்குதல் ஒன்றே விலக்கு. ஆனால் கூட்டலுக்கு அத்தகைய காப்பு இல்லை. பல பயன்களைக் கூட்டுங்கால் தொகை எல்லை கடத்தல் கூடும்.

எல்லை கடந்தால் நிகழ்வது யாது? எளிமை கருதி 16 பிட் முழுவெண்ணைக் கொள்வோம். அதன் எல்லை −32,768 முதல் 32,767 வரை. 30,000-ஐயும் 5,000-ஐயும் கூட்டின் 35,000 வரல் வேண்டும். இடமின்மையால் −30,536 எனப் பதிவாகும். மேலேறிய அலை ஒரே கூறில் அடிமட்டத்திற்கு வீழ்ந்ததாகப் பொருள்படும். செவிக்கு அது வெடிப்பொலியாகக் கேட்கும். இதனைத் தவிர்க்க, எல்லை கடக்கும் எண்ணை எல்லையிலேயே நிறுத்திவைக்கும் முறை உண்டு. 35,000 என்பது 32,767 ஆக நிற்கும். உச்சி தட்டையாகும், ஆயினும் அலை குப்புற வீழாது. இதனை 'எல்லைநிறுத்தம்' என்போம்.

எல்லைநிறுத்தமே எஞ்ஞான்றும் நன்றெனின், அதனை ஏன் நிலையாக அமைக்கவில்லை என்னும் ஐயம் எழும். அதற்கு விடை நுட்பமானது. 30,000, 5,000, −10,000 என்னும் மூன்றையும் கூட்டின் உண்மைத் தொகை 25,000. எல்லைநிறுத்தம் இன்றிக் கூட்டின், இடையே −30,536 என்னும் பிழையெண் தோன்றினும், −10,000 சேர்ந்ததும் எண் மீண்டும் சுற்றிவந்து 25,000 ஆகவே நிற்கும். எல்லைநிறுத்தத்துடன் கூட்டின் இடையே 32,767 ஆகி, முடிவில் 22,767 என்னும் பிழைத்தொகை வரும். இறுதித்தொகை எல்லைக்குள் அமையும் என உறுதியிருப்பின், இடைப்பட்ட வழிவால் தீங்கில்லை. அவ்வுறுதி இல்லையெனின் எல்லைநிறுத்தமே காப்பு. இரண்டனுள் எது வேண்டும் என்பதைக் கணக்கை அறிந்தவரே துணிதல் வேண்டும். ஆதலின் டி.எம்.எஸ்.32010 எல்லைநிறுத்தத்தை இயக்கவும் நிறுத்தவும் இரண்டு கட்டளைகளைத் தந்தது.

மோட்டரோலா 56000 வரிசை வேறு தீர்வை மேற்கொண்டது. அதன் எண்கள் 24 பிட். பெருக்கற் பயன் 48 பிட். திரட்டியோ 56 பிட். மிகுதியாக வைத்த எட்டுப் பிட்டுகளால், 256 பயன்களைக் கூட்டும் வரை இடைவழிவு என்னும் பேச்சுக்கே இடமில்லை. திரட்டியினின்று எண் வெளியேறுங்கால் மட்டும் எல்லைநிறுத்தம் நிகழும். ஒலிப்பதிவை ஆராய்வார் அலைவரைவில் தட்டையான உச்சியையோ திடீர் வீழ்ச்சியையோ காணின், அதனைப் பேசுவோர் குரலின் இயல்பெனக் கொள்ளுமுன் இவ்விரண்டனையும் நினைவுகூர்தல் வேண்டும்.

8. முகவரிக் கணக்கு

ஐம்பது கூறுகளையும் ஒவ்வொரு முறையும் ஓரிடம் பெயர்த்தல் வீண் உழைப்பன்றோ எனின், அதற்கும் பின்வந்தோர் வழி கண்டனர். கூறுகளை அவ்விடத்தே இருக்கவிட்டு, 'ஈண்டுத் தொடங்குக' எனச் சுட்டும் முகவரியை மட்டும் நகர்த்துவது அம்முறை. முகவரி வரிசையின் இறுதியை அடைந்ததும் தானே முதலுக்குத் திரும்பும். 56000 வரிசையில் இவ்வட்ட முகவரி, தனிக் கட்டளை வேண்டாமல் வன்பொருளாலேயே அமைந்தது. அன்றியும் அது கட்டளைக்கு ஒன்றும் எண்ணுக்கு இரண்டும் ஆக மூன்று நினைவகங்களை உடையது. கூறு ஒன்றினின்றும் கெழு மற்றொன்றினின்றும் ஒருங்கே வந்தமையால், கெழு ஒன்றுக்கு ஒரே கட்டளைச் சுற்று போதுமாயிற்று.

அதிர்வெண் பகுப்புக்கு மற்றொரு வகை முகவரி வேண்டப்பட்டது. 1,024 கூறுகளை நேர்முறையில் பகுப்பின் பத்து இலட்சத்திற்கும் மிகுந்த பெருக்கல்கள் வேண்டும். 1965-இல் ஜேம்ஸ் கூலியும் ஜான் டூக்கியும் வெளியிட்ட விரைவு முறையில், 5,120 சிறு வினைகளில் அப்பகுப்பு முடிந்துவிடும். ஆனால் அம்முறையில் எண்கள் வரிசை பிறழ்ந்து நிற்கும். எட்டு எண்களாயின் 0, 4, 2, 6, 1, 5, 3, 7 என்னும் முறையில் அமையும். முகவரியை இரும எண்ணாக எழுதி வலமிடமாகப் படித்தால் இவ்வரிசை கிடைக்கும். முகவரியைக் கூட்டுங்கால் மிகுதியெண்ணை இடப்பக்கம் கொண்டுசெல்லாமல் வலப்பக்கம் கொண்டுசெல்லும் சுற்று ஒன்றே இதற்குப் போதும். குறிகைச் செயலிகள் பல இவ்வமைப்பைப் பெற்றன.

9. காலவுறுதி

இதுகாறும் கூறிய உறுப்புகள் யாவும் விரைவின் பொருட்டே அமைந்தன எனத் தோன்றலாம். ஆயின் பொதுச் செயலிகள் விரைவு பெற்ற வழியினை ஒப்புநோக்குவோமாயின் வேறுபாடு விளங்கும். அவை அண்மையில் எடுத்த எண்களைச் சிறு இடைநினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன; நிரல் எப்பக்கம் திரும்பும் என முன்னரே ஊகித்து நடக்கின்றன. ஊகம் பெரும்பாலும் பொருந்தும். பொருந்தாதபோது வினை பன்மடங்கு தாழ்க்கும். சராசரிக் காலம் சிறக்கின்றது. ஒவ்வொரு முறையும் ஆகும் காலம் மட்டும் அறுதியிட்டுச் சொல்ல இயலாததாகின்றது. கடிதம் அச்சிடுவோர்க்கு இதனால் இழப்பில்லை.

குறிகைக்கோ சராசரி பயன்படாது. தாளம் ஓராவர்த்தத்தில் தாழ்த்து மற்றோராவர்த்தத்தில் முந்தினால், இரண்டன் சராசரி சரியெனக் கூறி அதனை ஏற்பார் எவருமிலர். அவ்வாறே ஒரு கூறு 125 மைக்ரோநொடிக்குள் முடியாதுபோயின், அடுத்த கூறு விரைந்து முடிந்தமையால் அக்குறை நீங்காது. ஒலியில் முறிவு நேர்ந்துவிடும். ஆதலின் டி.எம்.எஸ்.32010-இல் இடைநினைவகமும் இல்லை, ஊகமும் இல்லை. எந்தக் கட்டளைக்கு எத்தனை சுற்று என்பது ஏட்டில் எழுதிய அளவே. 125 மைக்ரோநொடியில் 625 சுற்றுகள் உண்டு; நிரலின் சுற்றுகளை எண்ணிப் பார்த்தே, அது காலத்துள் முடியுமா என்பதை முன்கூட்டி அறுதியிடலாம்.

முன்னர்ச் சுட்டிய 2920 இக்கொள்கையின் எல்லையைக் காட்டுகின்றது. அதன் நிரலில் தாவுதல் கிடையாது. முதலினின்று இறுதிவரை சென்று மீண்டும் முதலுக்கு வருதல் ஒன்றே உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே காலம் ஆகுமாதலின், நிரலின் நீளமே அளக்கும் இடைவெளியாக அமைந்தது. விரைவிற் குறைந்த ஒரு செயலியும் இவ்வுறுதியைப் பெற்றிருந்தது என்பதனால், விரைவும் காலவுறுதியும் வெவ்வேறு என்பது போதரும்.

இதற்கு அமைப்பாளர் கொடுத்த விலையும் சிறிதன்று. டி.எம்.எஸ்.32010-இல் முகவரி தாங்கும் துணைப் பதிவகங்கள் இரண்டே. திரும்பச் செய்தற்குரிய தாவற் கட்டளை இரண்டு சுற்றுகளைக் கொள்ளுமாதலின், சுற்றி வருதலைத் தவிர்த்து அதே இரு கட்டளைகளை ஐம்பது முறை நேராக எழுதுதலே விரைந்த முறையாயிற்று. கட்டளைகள் ஒரு வினைக்கு மிக இயைந்திருந்தமையால், உயர்நிலை மொழியில் எழுதிய நிரலை அவற்றிற்கு மாற்றுதல் அரிதாயிற்று. வல்லுநர் தம் கையாலேயே கட்டளைதோறும் எழுதினர். ஒரு வினைக்குச் சிறந்தது பிறவற்றுக்கு எளிதாதல் அரிது.

10. பிற்கால நிலையும் முடிவும்

பொதுச் செயலிகள் விரைவுற்றபின் தனிச் செயலி வேண்டுவதில்லை என்பாரும் உளர். நிகழ்ந்ததோ வேறு. 1997-இல் இன்டெல் தன் பென்டியம் செயலியில் சேர்த்த எம்.எம்.எக்ஸ். கட்டளைத் தொகுதியில் எல்லைநிறுத்தக் கூட்டலும், 16 பிட் எண்களைப் பெருக்கிக் கூட்டும் கட்டளையும் இடம்பெற்றன. 2010-இல் ஏ.ஆர்.எம். நிறுவனம் அறிவித்த கார்ட்டெக்ஸ் எம்4, சிறு கருவிகட்குரிய பொதுச் செயலியாயினும், ஒரே சுற்றில் பெருக்கிக் கூட்டும் உறுப்பை உடையது. செயற்கை நரம்புவலைக் கணக்குக்கெனக் கூகுள் நிறுவனம் ஆக்கி 2017-இல் விரிவாக விளக்கிய சில்லில், 8 பிட் எண்களைப் பெருக்கிக் கூட்டும் உறுப்புகள் 65,536 அணிவகுத்துள்ளன. அச்சில்லின் அமைப்பாளரும், இடைநினைவகமும் ஊகமும் நீக்கிக் காலவுறுதியைப் பேணியதைச் சிறப்பாக எடுத்துக் கூறினர் என்பது நோக்கத்தக்கது. தனிச் செயலி மறைந்தது போலத் தோன்றிய இடங்களிலும் அதன் உறுப்புகள் பிறவற்றின் உள்ளே புகுந்து வாழ்கின்றன.

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. குறிகைச் செயலியின் உறுப்புகள் யாவும், பெருக்கிக் கூட்டல் என்னும் ஒரு வினையைக் கூறு வரும் இடைவெளிக்குள் முடித்தல் வேண்டும் என்னும் ஒரே தேவையினின்று பிறந்தவை. அவற்றுள் விரைவு தருவன வேறு, காலவுறுதி தருவன வேறு. பின்னையது இன்றேல் முன்னையதனால் பயனில்லை. எண்ணின் எல்லையும் கூற்றின் இடைவெளியும் பதிவின்மேல் தம் சுவட்டை விட்டுச் செல்கின்றன. ஆதலின் பேச்சுத் தமிழின் ஒலிகளைப் பதிவுகளைக் கொண்டு ஆராயும் மாணவர், நொடிக்கு எத்தனை கூறுகள், கூற்றுக்கு எத்தனை பிட், எல்லை கடந்த இடங்கள் உளவோ என்பவற்றைத் தம் ஆய்வேட்டில் பேசுவோர் ஊரும் அகவையும் குறிக்கும் இடத்திலேயே குறித்துவைத்தல் வேண்டும். ஏட்டுச் சுவடியை ஆராய்வார் ஓலையின் சிதைவையும் எழுதினோர் பிழையையும் பாடத்தினின்று பிரித்தறிதல் போல, ஒலிப்பதிவை ஆராய்வாரும் கருவியின் சுவட்டைக் குரலினின்று பிரித்தறிதல் கடனாம்.